7.5-க்குள் அடங்காத கார்னியா

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளை ஒரே அச்சில் வார்த்தது. அதில் 15-ஆவது நம்முடையது: 7.5 டயாப்டருக்குக் குறைவான ஒளிவிலகல் பிழையைத் திருத்தும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. கண்ணாடியைக் கழற்ற வருபவரின் லாசிக்குக்கு இது பொருந்தட்டும், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. கெரட்டோகோனஸுக்கும் கார்னியா தழும்புக்கும் நாம் செய்யும் டோப்போ-கைடட் பிஆர்கே, பிடிகே கோப்புகளையும் இதே எண்ணைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பும்போதுதான் பேச வேண்டியிருக்கிறது.

ஒழுங்கற்ற அஸ்டிக்மாட்டிசத்தில் எந்த டயாப்டரை எடுத்து 7.5-உடன் ஒப்பிடுவது? ரெட்டினோஸ்கோப்பில் கத்தரி நிழல் ஆடுகிறது. கெரட்டோமீட்டரின் வளையங்கள் கோணிக்கிடக்கின்றன. ஆட்டோரெஃப் சீட்டில் ‘எர்ரர்’ என்று அச்சாகி வருகிறது. முக்கிமுனகி -2.00 / -3.50 என்று ஓர் எண்ணைப் பிடித்தாலும் அந்தக் கண்ணாடியில் 6/24தான் தேறும். ஆர்ஜிபி லென்ஸ் வைத்தால் 6/9 வரும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நோய். அதை அளக்க இந்த விதியிடம் கோலே இல்லை.

கெரட்டோகோனஸுக்கான ஏதென்ஸ் முறையில் 50 மைக்ரானுக்கு மேல் சீவக் கூடாதென்று பவரில் ஒரு பகுதியைத் தெரிந்தே விட்டுவைக்கிறோம். பிறகும் கண்ணாடி தேவைப்படுகிறது, சிலருக்கு மைனஸ் கொஞ்சம் கூடவும் செய்கிறது. ஆனால் கண்ணாடியோடு படிக்கும் வரிகள் ஏறுகின்றன. பவரைக் கூட்டிவிடவும் கூடிய சிகிச்சையைப் பவர் திருத்தம் என்று எப்படி ஒதுக்குகிறார்கள்?

நம் பக்கம் முழுச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. சாதாரண மயோபியாவை நோயாகக் காட்டி நோய்க்குறியீடு போடும் சபலம் தொழிலில் உண்டு, எதிர்த்தரப்பின் சந்தேகத்துக்கு அதுவும் தீனி. போதாததற்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் அவசரத்தில் எச்52.2 என்று எழுதிவிடுகிறோம். அது ஒளிவிலகல் கோளாறுகளின் வரிசை. கோப்பை நிராகரிக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கெரட்டோகோனஸ் என்றால் எச்18.6, தழும்பு என்றால் எச்17 முதலில் வரட்டும். டோப்போகிராஃபி படமும் ஆர்ஜிபி பார்வையும் கூடவே போகட்டும்.

சென்னைக்காரர் இந்தக் கோப்போடு மல்லுக்கட்டிக்கொள்வார். அந்தமானின் திக்லிபூர்க்காரர்? நெல்லும் தென்னையும் பாக்கும் விளையும் ஊர். கதிர்த்தாளோ ஓலையோ கண்ணில் அடித்து, புண் ஆறி, தழும்போடு நிற்பவர் முதலில் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்குச் சுமார் 300 கி.மீ. வர வேண்டும். வழியில் ஜாரவா காப்பகத்தைக் கான்வாய் நேரம் பார்த்துத்தான் தாண்ட முடியும். அங்கிருந்து சென்னைக்கு விமானம், அல்லது ஏறக்குறைய மூன்று நாள் கப்பல். பிஆர்கே முடிந்து பேண்டேஜ் லென்ஸ் எடுக்க நாலைந்து நாள், அப்புறம் ஸ்டீராய்டு, கண் அழுத்தம், ஹேஸ் பார்க்கும் வாரங்கள். லாட்ஜ் வாடகையைப் பாலிசிகள் பொதுவாகத் தருவதில்லை. கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்வது “பவர் எவ்வளவு?” என்ற கேள்வி.

நிராகரித்தால் எங்கே போவார்? அந்தமான் நிக்கோபார் கொல்கத்தா காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் எல்லையில் வருகிறது. அறுவை சென்னையில், வீடு திக்லிபூரில், வழக்கு கொல்கத்தாவில். இணையத்தில் மனுப் போடலாமே என்பார்கள். டோப்போகிராஃபி படத்துக்கு விளக்கவுரை எழுதிக்கொடுக்க அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? தென்கோடியின் கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகத்துக்கு வரைபடம் தீட்டும் தில்லிக்கு, அதே தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருப்பவர் ஒரு கோப்புக்காக எத்தனை கடல் தாண்டுகிறார் என்பது கணக்கிலேயே இல்லை. ஒவ்வொரு விதியும் சாலையோரத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

15-ஆவது விலக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கார்னியா நோயாலோ காயத்தாலோ வந்த ஒழுங்கற்ற அஸ்டிக்மாட்டிசத்துக்கு இது பொருந்தாது. நிராகரிப்புக் கடிதங்களை, நோயாளியின் அடையாளத்தை மறைத்து, டோப்போகிராஃபி படத்தோடு இதழுக்கு அனுப்புங்கள். தொகுத்து ஆணையத்தின் முன் வைக்கிறோம். தீவுக் கோப்புகள் முதலில் இருக்கும்.