தோள் பேட்ஜ் வெறும் துணியா?



நம்மில் பலர் தபால்தலை சேர்க்கிறோம், பழைய நாணயம் சேர்க்கிறோம். பழைய ராணுவச் சட்டையின் தோளில் தைத்திருந்த துணி பேட்ஜுகளைச் சேர்க்கிறவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். "கிழிஞ்ச துணிக்குப் போய் இவ்வளவு மவுசா?" என்று சிரிக்காதீர்கள். அது சேர்க்க வேண்டிய பொருள்தான் என்பது என் கருத்து. ஆனால் அது எந்தப் படையுடையது, யாருடையது என்று தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

தன் ஆட்களை அடையாளம் காணத்தான் இந்த பேட்ஜ் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் 1918-இல் 81-வது டிவிஷன்தான் முதலில் காட்டுப்பூனை படத்தைத் தைத்துக்கொண்டது. "அவங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்று மற்றவர்கள் கேட்க, தளபதி பெர்ஷிங் எல்லா டிவிஷனுக்கும் பேட்ஜ் வைக்கச் சொல்லிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்களும் அணிந்தார்கள். 4-வது இந்திய டிவிஷனுக்குச் செங்கழுகு. பர்மாவில் போரிட்ட 17-வது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை.

படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அமெரிக்காவின் 45-வது டிவிஷன் 1924 முதல் சிவப்புத் துணியில் மஞ்சள் ஸ்வஸ்திகா அணிந்தது. அது அந்த நாட்டுப் பழங்குடி மக்களின் நல்ல சின்னம். ஹிட்லரின் கட்சி அதே சின்னத்தை வைத்துக்கொண்டதால், 1939-இல் அதை எடுத்துவிட்டு இடிப்பறவை படம் வைத்தார்கள். 1945 ஏப்ரலில் நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமை விடுவித்த படைகளில் இந்த டிவிஷனும் ஒன்று! பழைய பேட்ஜைப் பார்த்து அவர்களையே நாஜி என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய அநியாயம்?

போலிகளும் நிறைய வருகின்றன. கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் காட்டினால் இந்தக் காலத்துச் செயற்கை நூல் பெரும்பாலும் பளிச்சென்று ஒளிரும். பழைய பருத்தி நூல் அப்படி ஒளிராது. ஆனால் சோப்புத்தூளில் துவைத்துவிட்டால் பழையதும் ஒளிரும். அதனால் துவைக்கவே கூடாது. தையல் கோணலாக இருந்தால் உடனே போலி என்றும் சொல்லக்கூடாது. போர் நடந்த இடங்களில் உள்ளூர் தையல்காரர்கள் கையால் தைத்துக் கொடுத்ததும் உண்டு.

"இதெல்லாம் சண்டையைப் புகழ்வது" என்று சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். சண்டைக்குப் போனவர் யார், எங்கே போனார், திரும்பி வந்தாரா என்று கேட்பது எப்படிப் புகழ்ச்சி ஆகும்? பெயர் தெரியாமல் விலை மட்டும் பேசி வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம் ஊர்களிலும் ராணுவத்தில் இருந்து வந்த தாத்தாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் டிரங்குப் பெட்டியில் உள்ள சட்டை, ஒருநாள் பழைய துணியோடு சேர்ந்து பாத்திரக்காரரிடம் போய்விடும். அதற்கு முன்னால் நாம் போய்க் கேட்போம். பேட்ஜைப் பிரித்துத் தரச் சொல்லவேண்டாம், அது சட்டையிலேயே இருக்கட்டும். அவர் பெயர், படைப்பிரிவு, போன ஊர், வருஷம் நாலையும் ஒரு தாளில் எழுதி அந்தச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு வருவோம். தாத்தா இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. அப்புறம் யாரிடம் கேட்பது?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி