புகையை அளப்பதா, பிறப்பைக் கேட்பதா?

கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறைத் தொழிலாளி, பழைய எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்து, தகட்டைத் தட்டி வளைத்து, நம் பாட்டனார் காலத்துப் பாணியில் ஒரு காரைத் தம் கையாலேயே அமைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதில் அவர் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை வரை போய்வரலாமா? இன்றைய சட்டப்படி கூடாது.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியின் மாதிரியைப் பரிசோதனையில் தேறச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்தன. பல்லாயிரம் வண்டி செய்யும் ஆலைக்கு அது தகும். ஒற்றை வண்டி செய்பவனுக்குத் தகுமா? 1-4-2020 முதல் புதுக் கார்கள் பி.எஸ். 6 வரம்புக்கு உட்பட வேண்டும். கார்புரேட்டர் பூட்டிய பழைய எஞ்சினுக்கு அது எட்டாது. புராதன வண்டியென்று பதியலாமென்றாலோ, 2021-ஆம் வருஷத்து விதி ஐம்பது வயது கடந்து அசல் உருவம் குலையாத வண்டிகளுக்கே இடமளிக்கிறது. இரண்டு கதவுகளும் அடைபட்டன!

மலைவாசிகளின் நல்ல காற்றைக் கெடுக்க நாம் வாதாடவில்லை. ஆனால் அதே எஞ்சின், முன்பே பதிவான பழைய காரில் இருந்தால் நிலைமை வேறு. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுகையில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்குக்கும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்துக்கு 1,500 பங்குக்கும் மேற்படாவிட்டால் புகைச் சான்று கிடைத்துவிடும். எஞ்சின் ஒன்று, புகை ஒன்று, தீர்ப்பு மட்டும் இரண்டு. இது என்ன நியாயம்?

நம்மை ஆண்ட இங்கிலாந்தில், வீட்டில் செய்த காரைத் தனித்தனியே சோதித்து, எஞ்சினின் வயதுக்கேற்ற புகை வரம்பை விதிக்கிறார்கள். காற்று விஷயத்தில் மிகக் கண்டிப்பான கலிபோர்னியாவும் இத்தகைய வண்டிகளில் வருஷத்துக்கு 500-க்குச் சலுகை தருகிறது. இங்கோ, கோவை ஜி.டி. நாயுடு 1952-இல் செய்த இருவர் அமரும் கார், லைசென்ஸ் கிடைக்காமல் முடங்கியது. சுயராஜ்யம் வந்தும் சுதேசிக் கைத்திறனுக்கு இக்கதியா?

நாம் கோருவது சொற்பமே. வருஷத்துக்கு இத்தனை வண்டிகளென்று எண்ணிக்கையை வரையறுக்கட்டும். வாடகைக்கு ஓட்டுவதைத் தடுக்கட்டும். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் விளக்கையும் தயவுதாட்சண்யமின்றிச் சோதிக்கட்டும். புகையை எஞ்சினின் வயதுக்குரிய அளவால் அளக்கட்டும். தேறாத வண்டி பட்டறைக்கே திரும்பட்டும். தேறியதற்கு நம்பர் கொடுப்பதில் தடை ஏன்?

விதியைத் திருத்தும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் உள்ளது. நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதை அங்கே எழுப்புவார்களாக.