கரண்ட் போனால் போனும் போச்சு! வீட்டு இன்டர்நெட்டில் மறந்துபோன விஷயம்

தாம்பரம்:-

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்போ பைபர் இன்டர்நெட் பேச்சுதான். செம்பு கம்பியில் வந்த பழைய லேண்ட்லைன்கள் பைபருக்கு மாறி வருகின்றன. வேகம் கிடைச்சாச்சு. ஆனா, கையில் இருந்த ஒரு வசதி போயிடுச்சு. மழை வந்தால்தான் அது தெரிகிறது.

டயல் செய்த காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ந்தேதி. போன் லைனில் மோடம் மாட்டி டயல் செய்யணும். பையன் நெட்டில் உட்கார்ந்தால், வீட்டுக்கு போன் போடுபவர்களுக்கு 'எங்கேஜ்டு' சத்தம்தான்.

அடுத்து வந்த ஐ.எஸ்.டி.என். டிஜிட்டல் லைனில் 64 கிலோபிட் வேகத்தில் 2 பாதை. ஒன்றில் பேசலாம், இன்னொன்றில் நெட் பார்க்கலாம். ஆனால் சாதாரண வீடுகளுக்கு அது எட்டவில்லை.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' பிராட்பேண்டை தொடங்கியது. பழைய செம்பு கம்பியிலேயே பேச்சும் நெட்டும் சேர்ந்து வந்தன. 'ஸ்ப்ளிட்டர்' என்ற சின்ன டப்பா இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. 256 கிலோபிட் வேகமே அன்று பெரிய விஷயம். கேபிள் ஜாயிண்டில் தண்ணி இறங்கினால் மட்டும் கரகரன்னு தொல்லை கொடுக்கும்.

எக்ஸ்சேஞ்ச் பேட்டரி

அந்த கம்பிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. போனுக்கு வேண்டிய 48 வோல்ட் கரண்ட்டை எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே அனுப்பிவிடும். வீடு இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும்.

பைபரில் போவது வெறும் வெளிச்சம்தான். சுவரில் இருக்கும் பெட்டிக்கு வீட்டு கரண்ட் வேணும். கரண்ட் நின்றால் நெட்டும் கட், அந்த போனும் கட்.

2015 டிசம்பர் வெள்ளம், 2016 வார்தா புயல், 2023 மிச்சாங் புயல் என்று புறநகர் மக்கள் இருட்டில் தவித்ததை மறக்க முடியாது. செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்தால் கையை விரித்துவிடும்.

என்ன செய்யலாம்?

பைபர் பெட்டிக்கு என்றே மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் அவசரத்துக்கு மட்டும் ஆன் செய்வது நல்லது.

பேட்டரி செலவு முழுதும் வாடிக்கையாளர் தலையில்தானா? வெள்ளம் தேங்கும் பகுதிகளில் இணைப்போடு பேட்டரியும் கொடுத்தால் என்ன? அடுத்த மழைக்கு முன்பே இதை கேட்டாக வேண்டும்.