பிள்ளைகளுக்கு ஒரு வில்லனைக் கொடுங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும். தமிழில் சண்டை போடத்தான் தெரியாது.

கொல்கத்தாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். "சாப்ட்டியா?" என்றால் "ம்". "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்றால் "முடிச்சாச்சு". அவ்வளவுதான், கையிருப்பு தீர்ந்தது. அப்பாவிடம் கெஞ்ச வேண்டுமென்றால் இங்கிலீஷ். தெருவில் பந்து விளையாடித் தகராறு வந்தால் வங்காளம். கிண்டலடிக்க இந்தி. சோறு கேட்கவும் திட்டு வாங்கவும் மட்டும் தமிழ்.

இதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் மருந்து என்ன? ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, பத்துக் குறள் மனப்பாடம், பொங்கல் விழா மேடையில் ஒப்பித்தல், ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு. அம்மா போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார். அன்று சாயங்காலம் தாத்தா போன் பண்ணினால் பிள்ளை மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாது. குறள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை சாமி, அடிக்க வராதீர்கள். ஆனால் ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. பேச எதிரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் சாதிக்க வேண்டிய காரியம் ஒன்று வேண்டும்.

நான் சிபாரிசு செய்யும் மருந்தைக் கேட்டால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங். அதுவும் பழைய டிவி சூப்பர் ஹீரோ தொடர்களின் பாணியில். அதுவும் தமிழில். டாக்குரியாவில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஐந்து பிள்ளைகளை வைத்து நான் இதை நடத்திக்கொண்டிருக்கிறேன். "பேங்க் ஆபீசர், நாற்பது தாண்டியாச்சு, இதென்ன சின்னப்புள்ளத்தனம்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில், இது என்ன விளையாட்டு? கேரம் போல பலகை கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடத்துபவர் சூழ்நிலையைச் சொல்வார்: "பாலத்து ஓரத்துல மினிபஸ் பாதி தொங்குது. என்ன பண்றே?" பிள்ளை தன் பாத்திரமாகவே நின்று பதில் சொல்ல வேண்டும். முடிவு இப்படியும் அப்படியும் போகலாம் என்றால் பகடை உருட்டுகிறோம். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். கட்டியங்காரன் இருக்கிறானே, வருகிற வேஷத்தையெல்லாம் "நீ யாரு, எங்கேர்ந்து வர்றே" என்று குடைந்து, நடுவில் சனங்களைச் சிரிக்க வைத்து, கதையை நகர்த்துவானே, அவன் வேலைதான் என் வேலை.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தார்கள். வாள், மந்திரம், பூதம் என்று போகும். மூன்றே வருஷத்தில் சூப்பர் ஹீரோக்களும் மேசைக்கு வந்துவிட்டார்கள்: 1977இல் 'சூப்பர்ஹீரோ 2044', 1979இல் 'வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டீஸ்', 1981இல் 'சாம்பியன்ஸ்'. இந்தக் கடைசி ஆட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. சக்திகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். கூடுதல் புள்ளி வேண்டுமா, ஏதாவது ஒரு பலவீனத்தை ஏற்றுக்கொள். பி.காம் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்? வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், ஐந்தொகை சமம். "பறக்கணுமா? சரி. பதிலுக்கு என்ன கஷ்டம் எடுத்துக்கறே?" என்று கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை பத்து நிமிஷம் பேரம் பேசுகிறது. தமிழில்.

பகடைக்கு நான் எடுத்துக்கொண்டது பின்னால் வந்த ஒரு முறை. 2010இல் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற ஆட்டத்தில் தொடங்கி, 2016இல் இளவயது சூப்பர் ஹீரோக்களைப் பற்றிய 'மாஸ்க்ஸ்' வரை வந்தது. லூடோ பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை பத்து அல்லது மேலே என்றால் நினைத்தது நடக்கும். ஏழு முதல் ஒன்பது வரை என்றால் நடக்கும், கூடவே ஒரு சங்கடமும் வரும். ஆறும் அதற்குக் கீழேயும் வம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பகடைக்கு 36 விதம். முழு ஜெயம் 6. சங்கடத்தோடு ஜெயம் 15. வம்பு 15. கூட்டல் கழித்தல் எதுவும் சேர்க்காவிட்டால், 36இல் 30 முறை பிள்ளை மறுபடி வாயைத் திறந்து தப்பிக்க வழி தேடியாக வேண்டும். எந்தத் தமிழ் வகுப்பில் பிள்ளை இத்தனை தடவை வாய் திறக்கிறது, சொல்லுங்கள்?

இப்போது மெயின் சண்டைக்கு வருகிறேன். "சரி சார், விளையாட்டு ஓகே. எதுக்கு அந்தப் பழைய டப்பா? மார்வெல் படம் மாதிரி வைங்களேன்" என்கிறார்கள். மாட்டேன். காரணம் இருக்கிறது.

2008இல் 'அயர்ன் மேன்' வந்ததிலிருந்து அந்தப் படங்கள் கண்ணுக்குத்தான் விருந்து. நகரமே இடிந்து விழும். மேசையில் கிராஃபிக்ஸ் கிடையாது. அதைக் காப்பியடித்தால் பிள்ளைகள் "டமால், டுமீல்" என்பார்கள், அதோடு கதை முடிந்தது. டமாலுக்கு எந்த மொழியும் தேவையில்லை. பழைய டிவித் தொடர்களில் காசு கிடையாது. காசில்லாததால் பேசினார்கள். எங்களுக்கு வேண்டியது அந்தப் பேச்சு.

'சக்திமான்' 1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடியது. நம் ஊரில் இந்தி புரியாமலேயே உட்கார்ந்து பார்த்தோம். முகேஷ் கன்னா அதற்கு முன்னால் 'மகாபாரத்' தொடரில் பீஷ்மர். இங்கே சுழன்றால் சக்திமான், நின்றால் கங்காதர் என்ற பல் துருத்திய பத்திரிகை போட்டோகிராபர். அந்த கிராஃபிக்ஸைப் பற்றி நக்கலடிக்காத ஆள் கிடையாது. ஆனால் யோசியுங்கள். கங்காதர் ஆபீசில் திட்டு வாங்குகிறார், அசடு வழிகிறார், பொய் சொல்லிச் சமாளிக்கிறார். அத்தனையும் பேச்சு. ஒரு பிள்ளை கங்காதர் மாதிரி ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டால், பறக்கிற நேரத்தைவிட சமாளிக்கிற நேரம் அதிகம்.

1966 முதல் 1968 வரை அமெரிக்க ஏபிசி சேனலில் வந்த 'பேட்மேன்', மொத்தம் 120 எபிசோட். ஆரம்பத்தில் புதன், வியாழன் என்று வாரம் இரண்டு நாள். புதன்கிழமை ஹீரோ ஏதோ ஒரு கோமாளித்தனமான பொறியில் மாட்டிக்கொள்வார், வியாழக்கிழமை தப்பிப்பார். இது மேசைக்கென்றே தைத்த சட்டை. சனிக்கிழமை சாயங்காலம் பொறியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், வாரம் பூராவும் பிள்ளைகள் தங்களுக்குள் திட்டம் போடுகிறார்கள். அதில் விடுகதை போடுகிற ரிட்லர் என்றொரு வில்லன் உண்டு. அதே மாதிரி ஒரு விடுகதை வில்லனை நானும் இறக்கினேன். ஒரு பையன் ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தானே போன் போட்டு விடுகதை கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். அந்தப் பாட்டி அவனோடு அரைமணி நேரம் பேசியிருக்கிறார். யாரும் "பாட்டிகிட்ட பேசுடா" என்று போனைக் கையில் திணிக்கவில்லை.

1977இல் டிவிப் படமாக வந்து 1982 வரை ஓடிய 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரில் அந்த மனிதர் பச்சை ராட்சசனாக மாறுவது பொதுவாக எபிசோடுக்கு இரண்டே முறை. மற்ற நேரம் ஊர் ஊராகப் போய் வேலை தேடுவார், யாருடைய பிரச்சினையிலாவது தலையிடுவார். என் மேசையிலும் அதுவே சட்டம்: ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு முறைதான் சக்தி. மீதி நேரம் வாய்தான் ஆயுதம்.

இன்னொன்று. வாரத்துக்கு ஒரு வில்லன், வாரத்துக்கு ஒரு கதை என்ற பழைய அமைப்பு எங்களைப் போன்றவர்களுக்கு ரொம்ப வசதி. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறையாக இருக்கும் தமிழர்கள் வேறு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் ஆர்டர் வாங்குகிற ஜாதி நாங்கள். போன வருஷம் எங்கள் ஆட்டத்திலிருந்து ஒரு பெண் குவாஹாட்டிக்குப் போய்விட்டாள். நீளமான ஒரே கதையாக இருந்திருந்தால் அன்றோடு சீட்டுக் கலைந்திருக்கும். தொடர் பாணியில் அவளுடைய ஹீரோ 'வெளியூர் டியூட்டி'யில் இருக்கிறார். லீவுக்கு வந்தால் சிறப்புத் தோற்றம் :-)

எங்கள் கதை நடப்பது டாக்குரியாவிலேயே. 1958இல் ரவீந்திர சரோபர் என்று பெயர் மாற்றியும் பலர் இன்னும் டாக்குரியா லேக் என்றே சொல்லும் ஏரி, தட்சிணாபன் கடைகள், சியால்டா தெற்கு லைன் லோக்கல் ரயில், எல்லாம் உண்டு. 2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்ததிலிருந்து இந்த ஊரில் பாலம் என்றாலே ஒரு பயம். டாக்குரியா பாலத்தின் அடியில் எலிகள் வளை தோண்டுவது செய்தியாகவே வந்திருக்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்? எலிராஜா பிறந்தார். பாலத்துக்கு அடியில் தர்பார், பேச்சில் பழைய நாடகத் தமிழ். "நான் பிள்ளையாரின் வாகனம். என் மேல் கை வைத்தால் பாவம் சும்மா விடாது" என்று மிரட்டுவார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், நான்காம் வகுப்பு. வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில். அன்றைக்கு இரண்டு முறை சக்தியையும் செலவழித்துவிட்டாள். எதிரே எலிராஜா. "அங்கிள், 'த்ரெட்டன்' பண்றதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். மிரட்டுவது என்றேன். உடனே எழுந்து நின்றாள்: "நீ என்னை மிரட்டாதே. பிள்ளையார் உன் மேல உட்கார்ந்துதானே போவார்? பாலம் விழுந்தா அவரும் விழுவார். அவர்கிட்ட நான் சொல்லிக்கொடுத்துடுவேன்!" எலிராஜா வாயடைத்துப் போனார். பகடையே உருட்டவில்லை, ஜெயம் கொடுத்துவிட்டேன். மிரட்டுவது என்ற வார்த்தையை அந்தப் பெண் இனிமேல் மறக்க மாட்டாள்.

எங்கள் மேசையில் இன்னொரு சட்டம்: வார்த்தை தெரியாவிட்டால் கேட்கலாம். அபராதம் கிடையாது, கேலி கிடையாது. நம் பெரியவர்கள் இந்த ஒன்றைப் பின்பற்றினாலே பாதிப் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடும். "ழ வரலை பாரு" என்று நாலு பேர் எதிரில் சிரித்துச் சிரித்துத்தான் பிள்ளைகளை ஊமையாக்கி வைத்திருக்கிறோம்.

ஆட்சேபணைகள் இன்னும் உண்டு. "சக்திமான் பார்த்துப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்கலையா?" 1990களின் கடைசியில் அப்படிச் செய்திகள் வந்தது உண்மை. முகேஷ் கன்னாவே பிள்ளைகளைப் பார்த்து, இப்படிச் செய்யாதீர்கள் என்று பேச வேண்டிவந்தது. ஆனால் டிவி முன்னால் பிள்ளை தனியாகக் கனவு காண்கிறது. இங்கே "மாடியிலேர்ந்து குதிக்கிறேன்" என்று சொன்ன அடுத்த நொடி "எத்தனாவது மாடி? கால் உடைஞ்சா யாரு தூக்கிட்டுப் போவா?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். எது பத்திரம்?

"நீதி போதனை உண்டா?" கிடையாது. சக்திமானிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், கடைசியில் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைக்கும் அந்த 'சாரி சக்திமான்' பகுதியைத் தவிர. செய்ததற்கு விளைவு கதையிலேயே வரும். அதற்கு மேல் பிரசங்கம் எதற்கு?

"தமிழ்ல சூப்பர் ஹீரோ ஏது?" ஐயா, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதானே! லண்டன்காரரைத் தமிழ் பேச வைத்தோம், யாரும் குறை சொல்லவில்லை. 2004இல் சன் டிவியில் வந்த 'மை டியர் பூதம்' மூசாவை எத்தனை வீட்டில் பார்த்தார்கள்?

"இங்கிலீஷ்லயே ஆடலாமே, ஈஸியா இருக்கும்." தாராளமாக ஆடட்டும். அதற்கு நான் எதற்கு, நீங்கள் எதற்கு? இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும், வங்காளத்தைத் தெரு பார்த்துக்கொள்ளும். தமிழுக்கு இந்த ஊரில் நம் சாப்பாட்டு மேசையை விட்டால் நாதி கிடையாது. அந்த மேசையிலும் "மார்க் எவ்ளோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், நம் பேரப்பிள்ளைகளுக்கு அது "ம்" என்ற ஒரு எழுத்தாக மிஞ்சும்.

செலவு இருபது ரூபாய்ப் பகடை, ஒரு நோட்டு, வாரம் இரண்டு மணி நேரம். ஒரு வில்லனை உருவாக்குங்கள். நன்றாகப் பேசுகிற, கொஞ்சம் முட்டாளான வில்லன். பிள்ளைகள் அவனைத் தமிழில் திட்டித் தீர்க்கட்டும்.

டிஸ்கி: பக்கத்து ஃப்ளாட் வங்காளிப் பையனும் இப்போது வருகிறான். நாராயண் தேப்நாத் 1965இல் 'சுக்தாரா' பத்திரிகையில் வரைய ஆரம்பித்த 'பாண்ட்டுல் தி கிரேட்' மாதிரி பனியனும் அரை டிராயருமாக ஒரு பலசாலிதான் அவன் ஹீரோ. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம், "டேய் எலி, வெளியே வாடா!" உச்சரிப்பு சுத்தம், ஐயா.