காப்பி துப்பாக்கிதான் வாங்கணும், அண்ணாச்சி!

புராஜெக்டுக்காக டெக்சாஸ் கிளம்பும் மாட்டுங்கா பையன் ஒருவன், அங்கே கவ்பாய் ஷூட்டிங் ஆட எந்த ரிவால்வர் வாங்கலாம் என்று கேட்டது ஒரு குற்றமா? செம்பூர் பெரிசுகள் சேர்ந்துகொண்டு, "வாங்கினா ஒரிஜினல் கோல்ட் வாங்கு. காப்பியெல்லாம் கையிலயே வெடிச்சிரும்" என்று அவனைக் குழப்பி விட்டிருக்கிறார்கள். இதில் ஒருத்தர்கூடத் தீபாவளித் துப்பாக்கியைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. நாலு வருஷம் டெக்சாஸில் ஆணி பிடுங்கியபோது இந்த ஆட்டம் ஆடியவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: தொப்பி, பூட்ஸ் சகிதம் இரும்புத் தகடுகளைச் சுட்டு, நேரத்தைக் கணக்கெடுக்கும் போட்டி இது. ரெண்டு ரிவால்வர், ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன் வேண்டும். ரிவால்வர் சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் ஹாமரைக் கட்டைவிரலால் இழுக்கணும். 1972-ல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கர்ணன் எடுத்த படங்களில் ஜெய்சங்கர் இடுப்பில் தொங்குமே, அந்த ஜாதி.

இனி 'கையில் வெடிக்கும்' கதை. 1873-ல் வந்த கோல்ட் கரிமருந்துக்காகச் செய்தது. புகையில்லா மருந்துக்குத் தாங்கும் என்று அந்தக் கம்பெனியே உத்தரவாதம் கொடுத்தது 1900-ல்தான். ஆக, பயப்படணும் என்றால் பழைய ஒரிஜினலைப் பார்த்துப் பயப்படுங்கள்! உபெர்டி 1959-லிருந்து இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியாவில் செய்கிறான். 1526-லேயே துப்பாக்கிக் குழல் விற்ற பெரெட்டாவின் ஊர் அது. உபெர்டியை 2000-ல் வாங்கியதும் பெரெட்டாதான். அங்கே செய்யும் ஒவ்வொன்றும் அரசுச் சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து, முத்திரை குத்தித்தான் வெளியே வரும். புது கோல்ட் ஒன்றின் விலைக்கு இவன் ஜோடியே தருவான்.

பெயருக்கு மயங்குவது நம்மூர் வியாதி. தாராவியில் திருநெல்வேலிக்காரர் தைத்த பையைத் தடவிப் பார்த்து "லோக்கல்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அதே கை தைத்த பையில் வேறு பெயர் குத்தி மாலில் வைத்தால் நாலு மடங்கு கொடுக்கிற ஆட்கள்தானே நாம். திருநெல்வேலிக்காரன் எனக்கு இதில் எரிச்சல் கொஞ்சம் அதிகம் :-)

தம்பி, நீ பார்க்க வேண்டியது கைப்பிடி உன் கைக்கு அடங்குகிறதா, கட்டைவிரல் ஹாமருக்கு எட்டுகிறதா என்பதைத்தான். 357 வாங்கு. அதிலேயே 38 ஸ்பெஷல் போட்டுச் சுடலாம். உதைப்பு குறைவு, தோட்டாச் செலவும் குறைவு. 45 கோல்டுதான் சம்பிரதாயம் என்பார்கள், சம்பிரதாயத்துக்கு மாசாமாசம் நீதான் அழணும். குழல் 4¾ அங்குலம் உறையிலிருந்து சீக்கிரம் வரும், 5½ குறி பார்க்கச் சுகம். இதில் எனக்குக் கட்சி இல்லை. நிறையச் சுடப் போகிறாய், பழைய அழகு முக்கியமில்லை என்றால் ரூகர் வக்கேரோவும் நல்ல உழைப்பாளி. எதை வாங்கினாலும் ஆறு அறையில் ஐந்துதான் நிரப்பணும், ஹாமர் காலி அறை மேல் நிற்கணும். பழைய டிசைனில் கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்பதால் வந்த வழக்கம், போட்டியில் அதுவே விதி. சினிமாவில் மாதிரி உள்ளங்கையால் ஹாமரைத் தட்டித் தட்டிச் சுடவும் அனுமதி இல்லை.

பெரிசுகள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, என் கோபமே அதற்குத்தான். ஹெச்-1 விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விலக்கு. அது இல்லாமல் பிடிபட்டால் வேலை, விசா, ஜெயில் எல்லாம் ஒன்றாக வரும். கோல்டா உபெர்டியா என்று போலீஸ் கேட்காது! நான் முதலில் வாங்கியது அந்த லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி.

திரும்பும்போது பெட்டியில் போட்டு வரலாம் என்ற கனவும் வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இங்கே சாதாரண லைசென்ஸ்காரருக்கு ரெண்டு துப்பாக்கிதான், ஆட்டத்துக்கோ நாலு. என்னுடையதை அங்கேயே விற்றுவிட்டு வந்தேன்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது பெல்ட்டும் உறையும்தான். அங்கே துப்பாக்கியை வாங்கி, எத்தனை அங்குலக் குழல் என்று எழுது. தாராவியில் அளவு சொல்லித் தைத்து அனுப்புகிறேன்.