படம் போடுங்கள், பொய் போடாதீர்கள்



கொஞ்ச நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பழைய தென்காசி, பழைய குற்றாலம் படங்கள்தான். "எப்படி இருந்த ஊர்!" என்று ஒருவர் போட, கீழே வரிசையாகக் கைகூப்பு. எந்த வருஷம், எந்த இடம், நிற்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்டால், "ஃபார்வர்டாக வந்தது சார்" என்கிறீர்கள். இதை ஊர்ப்பற்று என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. விவரம் இல்லாத பழைய படம் ஊரின் நினைவைக் காப்பாற்றாது, கெடுக்கும்.

காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். அதன் கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நடுவில் பிளந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1990இல். ஆகவே "1950இல் தென்காசி" என்று வரும் படத்தில் கோபுரம் முழுசாக நின்றால், அந்தத் தலைப்பு பொய். ஐம்பது வயது தாண்டிய என் மாணவர்கள் மொட்டைக் கோபுரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களே அதற்கு லைக் போடுகிறார்கள்!

செங்கோட்டை 1956 நவம்பர் 1இல்தான் நம்மோடு சேர்ந்தது. அதற்கு முன் மலையாள ராஜ்யம். பதிமூணு கண் பாலம் இருப்பது கொல்லம் மாவட்டத்துக் கழுதுருட்டி பக்கம். இரண்டையும் "அந்தக் காலத்து நெல்லை மாவட்டம்" என்று ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

போதாக்குறைக்கு இப்போது ஏஐ வந்து கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசுகிறது. ஆச்சியின் கூரைச்சேலை என்ன நிறம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அது ஊகிக்கிறது, பேரன் நம்புகிறான். பத்து வருஷம் போனால் அதுதான் நிஜமான நிறம்.

"ரசிக்கத்தானே சார் போடுகிறோம், பரீட்சையா எழுதுகிறோம்?" என்பீர்கள். ரசியுங்கள். ஆனால் ரசிப்பதோடு நிற்பதில்லையே! அடுத்த வரியிலேயே "அந்தக் காலமே தனி" என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். எந்தக் காலம்? கோபுரம் பிளந்து கிடந்த காலமா? மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939இல். அதற்கு முந்திய கோயில் படத்தைப் பார்த்து என் மாணவர்கள் எல்லோரும் ஒன்றுபோலப் பெருமூச்சு விட முடியாது. சிலருடைய தாத்தா அப்போது வாசலுக்கு வெளியே நின்றவர். வருஷம் தெரிந்தால்தான் இதுவும் தெரியும். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த துரைமார் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. அவர்களுடைய மூட்டையைச் சுமந்த நம் ஆட்களின் பெயர் எங்கே இருக்கிறது?

பராக்கிரம பாண்டியனிடம் கற்றுக்கொள்ளுங்கள். இந்தக் கோயில் பின்னாளில் பழுதுபடலாம், அப்போது அதைச் சீர்செய்கிறவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்துப்போனான். பின்னால் வருகிறவனை நினைத்து ராஜா கல்லில் எழுதினான். நமக்கு ஒரு படத்தின் பின்னால் பென்சிலால் மூன்று வரி எழுத வலிக்கிறது.

அலமாரியில் கிடக்கும் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். வருஷம், இடம், இடமிருந்து வலமாக எல்லார் பெயரும். ஓரத்தில் குடை பிடித்து நிற்கிறவர் பெயரும் சேர்த்துத்தான். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், அதுவும் நேர்மையான விவரம்தான். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். சொல்லக்கூடியவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்; அவர்கள் போனபின் எந்தக் கூகுளும் சொல்லாது.

எழுதிய பிறகு குழுவில் போடுங்கள். முதல் கைகூப்பு என்னுடையது.