ரேஷன் பாமாயிலைத் திட்டுவது சுலபம்

சென்ற இதழில் வந்த பாமாயில் கட்டுரையைப் படித்தேன். பாமாயில் விஷமாம். அதை வரிசையில் நின்று வாங்குகிறவர்கள் விவரம் கெட்டவர்களாம். எல்லோரும் செக்கெண்ணெய்க்கு மாறிவிட்டால் ஆஸ்பத்திரிகள் காலியாகிவிடுமாம்.

விஷம் என்பதற்கு அவர் காட்டும் ஒரே ஆதாரம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் அது ஏறக்குறைய பாதி, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பத்தியிலேயே அமுதம் என்று அவர் கொண்டாடும் தேங்காயெண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். நெய்யும் பாமாயிலை மிஞ்சும். ஒரே அளவுகோலை மூன்றுக்கும் வைக்க மனமில்லாதவர் கொழுப்பைப் பற்றி எழுத ஏன் வந்தார்?

அரிசி அட்டைக்கு ரேஷனில் மாதம் ஒரு லிட்டர், விலை 25 ரூபாய். செக்கு நல்லெண்ணெய் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று இந்த இடத்தை அவர் தாண்டிப் போகிறார். மனமெல்லாம் இருக்கிறது ஐயா, இருபதாம் தேதிக்கு மேல் காசுதான் இருப்பதில்லை. ரேஷனில் தேங்காயெண்ணெய் கொடு என்று தென்னை விவசாயிகள் போராடுகிறார்களே, அது நியாயம். அவர்கள் அரசாங்கத்தைக் கேட்கிறார்கள். இவர் வரிசையில் நிற்கும் பெண்ணைத் திட்டுகிறார்.

கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுமார் 2.2 கோடி அட்டைகள். எல்லோரும் மாதந்தவறாமல் வாங்கினாலும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன்கூடத் தேறாது. நாடு இறக்குமதி செய்யும் பாமாயிலோ ஆண்டுக்கு 80, 90 லட்சம் டன். பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், பேக்கரி பஃப்ஸ், ஓட்டல் வாணலி என்று அது போகும் இடங்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிரும் பால் டம்ளரும் பளபளக்கும். எண்ணெயின் பெயர் பின்பக்கத்தில், மடித்து ஒட்டிய ஓரத்தில், அதுவும் ஆங்கிலத்தில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டதை ஐஸ்கிரீம் என்று விற்கக் கூடாது என்பதால் டப்பாவில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போடுகிறார்கள். பிறந்தநாள் விழாவில் அதை யார் படிக்கிறார்கள்? செக்கெண்ணெய் வீட்டுப் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள்.

சுமத்ராவிலும் போர்னியோவிலும் எண்ணெய்ப்பனைக்காகக் காடு அழிந்தது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயை சோயாவில் எடுக்கப் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்கு எந்தக் காட்டை வெட்டுவது என்பதையும் சொல்லிவிட்டுப் புறக்கணிப்புக்கு அழைக்கட்டும்.

கட்டுரையாளருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால், எண்ணெயின் பெயரைப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.